பசையக்கா காடு படிக்கப் போனது

அவள் இறந்த பிறகு துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவளைப் "பசையக்கா" என்றே சொன்னார்கள். சொந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. நாக்கு அதற்குப் பழகவில்லை, அவ்வளவுதான். ப்ளைவுட் மில்லை விட்டு அவள் வெளியே வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் செய்த வேலைக்கும் பசைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் பெயர் அவளை விடவில்லை. "மில்லுல நான் பாஸ் பண்ணின பசை எதுவும் இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சதில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மில்லில் அவளுடைய அறை கொதிகலன் கூடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு ஜன்னல், அதுவும் பெயின்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு திறக்காத ஜன்னல். ஒரு மேஜை, ஓர் உளி, ஓர் அடுப்பு, அதன் மேல் எந்நேரமும் கொதிக்கும் ஒரு பெரிய பாத்திரம். ஒட்டி முடித்த பலகைகளிலிருந்து துண்டுகள் வெட்டி அந்தப் பாத்திரத்தில் போட்டு வேகவைப்பாள். வெந்த துண்டை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு மர ஏடுகளுக்கு நடுவே உளியைச் செருகி நெம்புவாள். மரம் நார் நாராகக் கிழிந்தால் பசை நல்ல பசை. மரம் முழுசாக நின்று பசை மட்டும் வழுக்கிக்கொண்டு பிரிந்தால், அன்றைக்கு ஒட்டிய மொத்தச் சரக்கும் திரும்பிப் போகும். அதனால் பலகையை அழுத்தி ஒட்டும் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் அவள்மேல் ஒரு கண் உண்டு.

"அக்கா, இன்னிக்கு என்ன சமையல்?" என்று வாசலில் தலையை நீட்டுவார்கள்.

"பலகை சூப். உனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தட்டுமா?"

"நீங்க குடிச்சிட்டு நல்லா இருந்தா சொல்லுங்க, நாளைக்கு வரேன்."

வனவியலில் இளநிலைப் பட்டம் வாங்கியவள் அவள். படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை இது. காட்டைப் படித்துவிட்டுக் கட்டையோடு மாரடிக்கிறோமே என்று முதலில் கொஞ்ச நாள் முணுமுணுத்தாள். பிறகு கல்யாணம், மகள், வீடு என்று ஆனதில் முணுமுணுக்க நேரமில்லாமல் போயிற்று.

அவளை மறுபடியும் உசுப்பிவிட்டது ஒரு லாரி மரம். மில்லில் மரத்தடியைச் சுழலவிட்டு, பென்சில் சீவுவது போல, மெல்லிய ஏடாக உரிப்பார்கள். அன்று வந்த தடிகள் எல்லாம் ஒரே இனம், ஒரே வயது. ஒரு தடி பட்டுத்துணி போல அவிழ்ந்து வந்தது. அடுத்த தடி உரிக்க உரிக்கக் கந்தலாகக் கிழிந்தது. பசையின் குற்றமில்லை, கத்தியின் குற்றமுமில்லை. அவள் வெளியே போய் லாரி டிரைவரிடம் கேட்டாள்.

"இது ரெண்டும் எங்க நின்ன மரம்?"

"காட்டுலதாங்க."

"அது தெரியுது. காட்டுல எங்க?"

டிரைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, மரத்துக்கெல்லாம் விலாசம் வாங்கிட்டா வருவாங்க? ஏத்தினாங்க, எறக்கிட்டேன்."

அந்தக் கேள்வி அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒரே இனத்தில் ஒன்று பட்டு, ஒன்று கந்தல். ஏன்? விதையிலேயே இருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். நல்ல மரத்தின் விதை நல்ல மரமாகும். ஆக, நல்ல மரத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கிற படிப்பு பல்கலைக்கழகத்தில் இருந்தது.

முதுநிலைப் படிப்புக்கான அறிவிப்பு வந்தபோது அதை வீட்டில் சத்தம் போட்டு வாசித்தது அவள் கணவர். பஸ் டிப்போவில் மெக்கானிக். சாப்பாட்டு மேஜையில், எண்ணெய்க் கறை போகாத விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே ஓட்டிக்கொண்டு வாசித்தார்.

"காடு வளர்ப்பு. மர இனவிருத்தி. மரப்பொருள் தொழில்நுட்பம். வன உயிரினம். வனப் பொருளாதாரம். எம்மாடி, காட்டுக்குள்ள இவ்வளவு கடையா?"

"அம்மா, வன உயிரினம் எடுத்துக்கோ. கரடி பாக்கலாம்" என்றாள் மகள்.

"வேணாம். வீட்டுலயே ரெண்டு இருக்கு" என்றாள் அவள்.

"நான் சொல்லட்டுமா?" என்றார் கணவர். "மரப்பொருள். உனக்குத் தண்ணி பட்ட பாடு. கண்ண மூடிட்டுப் படிச்சிடுவ."

"அதுக்குத்தான் யோசிக்கிறேன். கண்ண மூடிட்டுப் படிக்கறதுக்கு எதுக்குங்க படிக்கணும்?"

மில் மேனேஜர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் பேசுவார். படிப்பு விடுப்பு கேட்டுப் போனவளை உட்காரச் சொல்லி, நேராகவே விஷயத்துக்கு வந்தார்.

"மரப்பொருள் பிரிவு எடுத்தீங்கன்னா, நீங்க முடிச்சிட்டு வர்ற வரைக்கும் உங்க அடுப்பு காத்திருக்கும். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். வேற பிரிவு எடுத்தா அது உங்க சொந்த ஆசை. தப்பில்ல. ஆனா அந்த நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பாங்க. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்பட மாட்டேன் சார்."

"இப்ப அப்படித்தாம்மா சொல்லுவீங்க."

ஆக, கணக்கு தெளிவாகிவிட்டது. மரப்பொருளுக்குப் போனால் வேலை தங்கும். அவள் மனசு வைத்திருந்த, நல்ல விதைமரம் தேடச் சொல்லிக்கொடுக்கிற இனவிருத்திக்குப் போனால் வேலை போகும். அதிலும் அந்த ஆண்டு இனவிருத்திப் பிரிவில் ஒரே ஓர் இடம்தான். அதை யாருக்குக் கொடுப்பது என்பது அந்தப் பிரிவின் பேராசிரியர் கையில்.

அந்தப் பேராசிரியர் அவளைவிட வயதில் சின்னவர். கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு, கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, விண்ணப்பித்தவர்களைப் பல்கலைக்கழகத்தின் சோதனைத் தோப்புக்கு அழைத்துப் போனார். கேள்வித்தாள் கிடையாது. ஆளுக்கொரு சிவப்பு நாடா கொடுத்தார்.

"இந்தத் தோப்புல எல்லாமே ஒரே நாள் நட்ட மரம். விதைக்குத் தாய்மரமா வைக்கலாம்னு உங்களுக்கு எது தோணுதோ, அதுல கட்டுங்க. ஒரு தடவ கட்டினது கட்டினதுதான். மாத்தக் கூடாது. கட்டிட்டு அங்கயே நில்லுங்க. நான் வருவேன். வந்ததும் அந்த மரத்தோட குறையச் சொல்லணும்."

"நிறையச் சொல்ல வேணாமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"நிறை எனக்கே தெரியும். அதனாலதான கட்டியிருப்பீங்க. பிடிச்சதுல குறை பாக்கத் தெரியுதான்னு பாக்கணும்."

அந்தப் பிரிவின் வழக்கமே அதுதான். தேர்ந்தெடுத்தவர்தான் முதல் எதிரியாக இருக்க வேண்டும். பசையக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. குறை சொல்லித்தானே இத்தனை காலம் சம்பளம் வாங்கினாள்!

தோப்புக்குள் நிதானமாக நடந்தாள். அவசரப்படவில்லை. அடிமரத்தைத் தட்டிப் பார்த்தாள், கைகளை விரித்துச் சுற்றளவு பிடித்தாள், தலையைப் பின்னால் சாய்த்துக் கிளை பிரியும் இடம்வரை கண்ணை ஏற்றினாள். மேற்கு ஓரத்தில் நின்ற ஒரு மரத்தைக் கண்டதும் கால் தானாக நின்றது. பக்கத்து மரங்களையெல்லாம் விட ஒரு சுற்றுப் பெரிது. நேரான உடம்பு. வழுவழுப்பான பட்டை. இதை மில்லில் ஏற்றினால் பட்டாக அவிழும் என்று கைக்கே தெரிந்தது. நாடாவைக் கட்டி, முடிச்சை இறுக்கிவிட்டு, அதன் பக்கத்தில் நின்றாள்.

பேராசிரியர் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வந்தார். மற்றவர்களும் பின்னாலேயே வந்து சுற்றி நின்றார்கள்.

"சொல்லுங்க."

அவள் சொன்னாள். தோள் உயரத்தில் ஒரு பழைய கணு உள்ளே மூடியிருக்கிறது என்று பட்டையின் சுருக்கத்தைக் காட்டினாள். நார் லேசாக முறுக்கிக்கொண்டு ஏறுகிறது என்றாள். கிழக்குப் பக்கக் கிளை தேவைக்கு மேல் தடிமன், அது விழுந்தால் பெரிய காயம் விடும் என்றாள். ஒன்றும் பொய்யில்லை. ஒவ்வொன்றுக்கும் பேராசிரியர் தலையாட்டினார்.

"அவ்வளவுதானா?"

"எனக்குத் தெரிஞ்சு அவ்வளவுதான் சார்."

கூட்டத்தில் ஒரு பெண் நின்றாள். அரசு நாற்றங்காலில் வேலை பார்க்கிறவள், சின்ன வயது. சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டுக் கடைசியில் மெல்லச் சொன்னாள்:

"அக்கா, கால்ல பாருங்க."

பசையக்கா குனிந்து பார்த்தாள். செருப்போடு அவள் பாதம் கணுக்கால்வரை சேற்றில் புதைந்திருந்தது. கோடையில், தோப்பு முழுக்கச் சருகு நொறுங்குகிற நாளில், அவள் நின்ற இடம் மட்டும் சொதசொதவென்று ஈரம். புதர் மறைவில் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடியது. அதன் இணைப்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எத்தனை வருடச் சொட்டோ!

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

"மரம் பெருசா இருக்கறது அதோட பரம்பரையாலயா, இந்தக் குழாயாலயான்னு நமக்குத் தெரியாது" என்றார் பேராசிரியர். குரலில் குத்தல் இல்லை. "பக்கத்துல அதே மண்ணுல, அதே தண்ணியில நிக்கிற மரத்தோட சேத்துப் பாக்கணும். நீங்க மரத்த நல்லாப் பாத்தீங்க. அது நிக்கிற இடத்தப் பாக்கல. மில்லுக்கு வர்றப்ப அதுக்கு இடமே இருக்காது, இல்லையா? அந்தப் பழக்கம்."

"இந்தக் கசிவ ஏன் சார் இன்னும் அடைக்கல?" என்று ஒருவர் கேட்டார்.

"அடைச்சிட்டா நான் எத வச்சு நுழைவுத் தேர்வு நடத்துவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். இடம் நாற்றங்கால் பெண்ணுக்குப் போயிற்று. அவள் கட்டியிருந்தது பார்ப்பதற்குச் சுமாரான ஒரு மரம். ஆனால் சுற்றிலும் காய்ந்து கிடந்த மண்ணில், அக்கம்பக்கத்து மரங்களை ஒரு கை பார்த்திருந்தது. அது நியாயமான தீர்ப்பு என்று பசையக்காவுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

அவரவர் கட்டிய நாடாவை அவரவரே அவிழ்த்துத் தர வேண்டும். அவள் இறுக்கிப் போட்ட முடிச்சு ஈரத்தில் இன்னும் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அவன் இன்னிக்கும் ஒரு ஆளச் சேத்துல எறக்கிட்டானா?"

தொப்பி போட்ட ஓர் அம்மாள் வெளியே வந்தார். கையில் நாடாச் சுருள், இடுப்பில் கத்தி. காடு வளர்ப்புப் பிரிவின் பேராசிரியை, மண் பாடமும் அவருடையதுதான். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் மண்புழு.

"இந்தக் குழாய அடைக்கச் சொல்லிச் சொல்லி என் வாயே வலிச்சுப் போச்சு. அவனுக்கு இது பரீட்சையாம். எனக்கு இந்த ஓரத்து மரம் எதுவுமே கணக்குல சேராது. வருஷா வருஷம் அளந்து, வருஷா வருஷம் தள்ளிடறேன்."

பசையக்கா முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஏன் மேடம் தள்ளணும்? இந்தத் தண்ணி எதுவரைக்கும் போகுது?"

"என்ன?"

"இந்த மரம் பெருசு. அடுத்தது கொஞ்சம் கம்மி. அதுக்கும் அந்தாண்ட உள்ளது சாதாரணம். அப்ப தண்ணி எங்கயோ நிக்குது இல்ல? மேல காஞ்சிருக்கற எடத்துலயும் உள்ள ஈரம் இருக்கலாம். உள்ள கட்டையும் மாறும். மெதுவா வளந்ததும் வேகமா வளந்ததும் ஒரே மாதிரி உரியாது மேடம், நான் பாத்திருக்கேன். எது எங்க மாறுதுன்னு யாராவது பாத்திருக்காங்களா?"

மேடம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இல்ல. எல்லாரும் குழாயத் திட்டிட்டுப் போயிட்டோம்."

"உங்க பிரிவுல இடம் இருக்கா?"

"இடத்துக்கென்ன பஞ்சம். வேற எங்கயும் கெடைக்காதவங்கதான் என்கிட்ட வருவாங்க."

"நானும் அப்படித்தான் வந்திருக்கேன்."

"பரவால்ல, உண்மையச் சொல்றீங்க" என்று மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வீட்டுல பேசிட்டு வாங்க. மில்லு வேலைய விட்டுட்டு வர்ற அளவுக்கு மண்ணுல பெருசா எதுவும் இல்லன்னு நாளைக்குத் தோணும். தோணலைன்னா வாங்க."

வாசலில் கணவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்துவிட்டு, "இத வண்டியில ஏத்த முடியாது, கழுவிட்டு வா" என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். மகள் தூங்கப் போகாமல் கதவோரம் நின்று கேட்டாள். கணவர் முழுதும் கேட்டுவிட்டு, கழற்றிய கைக்கடிகாரத்தை மறுபடியும் கட்டிக்கொண்டார். மனசு சரியில்லாவிட்டால் அவர் செய்வது அது.

"இனவிருத்தி கெடைக்கல. சரி. அப்ப மரப்பொருள் எடுத்துக்கலாமே. வேலை அப்படியே இருக்கும். நான் பயந்துட்டுச் சொல்றேன்னு நெனைக்காத." கொஞ்சம் நிறுத்தினார். "பயந்துட்டுத்தான் சொல்றேன்."

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு."

"அப்புறம் என்ன?"

"சேத்துல நின்னேன். காலு நனஞ்சிருக்கு. எனக்குத் தெரியல. அவ்வளவு நேரம் நிக்கிறேன், மேலயே பாத்துட்டு நிக்கிறேன். அந்தப் பொண்ணு சொல்லலைன்னா இன்னும் நின்னிருப்பேன்." அவள் மேஜையின் விளிம்பைத் தடவினாள். "விதைதான் எல்லாம்னு நெனைச்சிட்டு இருந்தேன். அப்படி நெனைச்சது வசதியா இருந்துச்சு. லாரியிலேருந்து எறங்கற கட்டையில விதைய நெனைச்சுக்கலாம். மண்ண நெனைக்க முடியாது. அது அங்கயே இருந்துடுது. நான் திரும்பி அந்த அடுப்புகிட்டப் போய் உக்காந்தா, மறுபடியும் மேலயே பாத்துட்டு நிப்பேன்."

கணவர் கடிகாரத்தின் வாரை இழுத்து இறுக்கினார். பிறகு, "பழுதான வண்டி உள்ள வந்தா நான் முதல்ல டிரைவரக் கூப்பிட்டு எந்த ரோட்டுல ஓட்டினன்னுதான் கேப்பேன்" என்றார். "அது தெரியாம எஞ்சினப் பிரிச்சா வேலைக்காகாது. நீ சொல்றது அதானே?"

"அதேதான்."

"அத முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். விதை, பரம்பரைன்னு என்னத்தையோ சொல்லிட்டு இருந்த." கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். "சமாளிப்போம்."

மேனேஜர் ராஜினாமாவை வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார். "ஏம்மா, மண்ணப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"இனிமே மரம் வாங்கறப்ப கூடவே ஒரு பிடி மண்ணும் அனுப்பச் சொல்லுங்க சார். என்ன பண்ணலாம்னு நான் சொல்றேன்."

"லாரிக்காரன் என்னத் தூக்கிப் போட்டு மிதிப்பான்" என்றார் அவர். ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவள் நாற்காலியில் அடுத்த மாதமே வேறொருவர் உட்கார்ந்தார். அவள் வருத்தப்பட்டாளா என்றால், பட்டாள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கொதிகலன் புகையைத் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். மேனேஜர்மேல் மட்டும் வருத்தப்படவில்லை.

படித்து முடித்து அதே சோதனைத் தோப்புகளில் வேலைக்குச் சேர்ந்ததும், எங்கே எந்த மரத்துக்குக் கீழே எப்படிப்பட்ட மண் என்று விரலால் பிசைந்தே சொல்கிறவள் ஆனதும், மேடத்தோடு வாரத்துக்கொரு சண்டை போட்டதும், அந்த மேடம் ஓய்வு பெற்ற நாளில் இரண்டு பேரும் சண்டை போட ஆளில்லாமல் விழித்ததும், மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் அவளைப் "பசை" என்று மொட்டையாகக் கூப்பிட்டதும், அதெல்லாம் பின்னால் வந்தவை. முதலில் வந்தது குழி.

வகுப்பு தொடங்கிய முதல் வாரம். மண் வகுப்பு எல்லாப் பிரிவுக்கும் பொது. காட்டின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டி, பக்கச் சுவரைச் சுத்தமாகச் சீவி, ஓர் ஏணி சார்த்தியிருந்தார்கள். மாணவர்கள் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காலிலும் புது ஷூ.

"மேலேருந்து பாத்தா என்ன தெரியும்?" என்றார் மேடம். "யாராவது எறங்குங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பசையக்கா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

உள்ளே குளுமையாக இருந்தது. மேலே பேசுகிறவர்களின் குரல் சட்டென்று தூரமாகிவிட்டது. கண்ணுக்கு நேராகக் கருத்த மண், அதன் கீழே பழுப்பு, அதற்கும் கீழே மஞ்சள் பாய்ந்த கெட்டி மண். ஒரு வேர் நேராகக் கீழே இறங்கி வந்து, அந்தக் கெட்டி மண்ணில் முட்டி, யோசித்தது போல ஒரு வளைவு வளைந்து, பக்கவாட்டில் போயிருந்தது. அவள் அதன் வழியே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். எங்கே திரும்பியது, எங்கே மெலிந்தது, எங்கே மறுபடி துணிந்து கீழே இறங்கியது என்று ஒவ்வோர் இடமாக நின்று பார்த்தாள். மூக்கை வைத்து மோந்தாள்.

மேலே வெயில் ஏறிவிட்டது. மற்றவர்கள் எழுதி முடித்து நிழல் தேடிப் போகத் தொடங்கினார்கள். நாற்றங்கால் பெண் மட்டும் விளிம்பில் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"அக்கா, எல்லாரும் கெளம்பியாச்சு. கையக் குடுங்க, மேல வாங்க."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் வேரின் மேலேயே இருந்தது.

"இரும்மா," என்றாள். "இப்பத்தானே வந்தேன்."